ஐஸ்பெட்டியில் அடிமீன்

ஐஸ் ஏற்றி முப்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. பெட்டியின் மூடியைத் தூக்கி அவள் கையை உள்ளே விட்டாள். மேலே விரலில் பட்டது கட்டியே இல்லை, கூழ். முழங்கை வரை இறக்கிய பிறகுதான் கட்டி என்று சொல்லக்கூடிய ஏதோ ஒன்று தட்டுப்பட்டது. அதுவும் தேய்ந்த சோப்பு அளவுக்கு. சட்டென்று மூடினாள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உள்ளே இருக்கிற குளிர் கொஞ்சம் வெளியே போய்விடும். இது அவளே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். காலையிலிருந்து அவள்தான் அடிக்கடி திறந்துகொண்டிருந்தாள்.

படகு நின்றிருந்தது. காற்று பெயருக்குக்கூட இல்லை. கடல் அசையாமல், எண்ணெய் ஊற்றி வைத்தது போலப் பளபளத்தது. கண்ணைத் திறந்தால் மேலிருந்தும் வெயில், கீழிருந்தும் வெயில். தளத்துப் பலகையில் வெறுங்காலை வைக்க முடியவில்லை. அவள் ஈரச் சாக்கை விரித்து அதன்மேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். சாக்கு அவள் கண் முன்னாலேயே காய்ந்துகொண்டிருந்தது.

இன்ஜின் சூடாகி நின்றுபோயிருந்தது. அதைக் குளிர வைக்கக் கடல்நீரை இழுக்கிற குழாயில் ஜெல்லிமீன் அடைத்துக்கொண்டது. தண்ணீர் சூடாகிற மாதங்களில் இவை கூட்டம் கூட்டமாக மேலே வந்துவிடும். மீன் இருக்காது, இவை மட்டும் இருக்கும். டிரைவர் தளத்துக்குக் கீழே இறங்கி, குழாயைக் கழற்றி, கம்பியால் குத்திக் குத்தி எடுத்துக்கொண்டிருந்தான்.

"ஓனரே," உள்ளேயிருந்து அவன் குரல் வந்தது. "இது இன்ஜின் ரூம் இல்ல. மூடி போட்ட அடுப்பு."

"அடுப்போ கிடுப்போ. சீக்கிரம் மாட்டுப்பா," என்றார் படகுக்காரரான அவள் அண்ணன். சுக்கானைப் பிடிக்கும் வேலை இல்லாததால் அவர் அதன் பக்கத்திலேயே, துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். "கரைக்கு எப்ப போறது?"

"கரை எங்கயும் ஓடிடாது ஓனரே. நாமதான் வெந்து தயாராப் போய் இறங்குவோம். மீனுக்குப் பதிலா நம்மளயே எடை போட்டுக்கலாம்."

"உன்ன எடை போட்டா தராசுக்குத்தான் கேவலம். எலும்பு மட்டும்தான் இருக்கு."

டிரைவர் சிரித்தான். அந்தச் சிரிப்பிலும் தெம்பில்லை. அண்ணன் சிரிக்கவில்லை. வழக்கமாகப் படகில் நான்கு பேர். நான்காவது ஆள் போன வாரம் வலை இழுக்கும்போதே மயங்கி விழுந்தவன், இந்த வெயில் தணியட்டும் என்று வீட்டோடு இருந்துவிட்டான். அவனுடைய இழுவையையும் மூன்று பேரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. நேற்று முழுக்கச் சுற்றியும் சாயங்காலம்தான் ஒரு வலை கானாங்கெளுத்தி விழுந்தது. இன்று விடியும்போது இன்னொரு வலை. அந்த மீனுக்கு மென்மையான வயிறு. குளிர் கொஞ்சம் குறைந்தாலும் முதலில் கெடுகிற மீன் அதுதான். ஐஸ் ஆலையிலும் கரண்ட் தடையால் பாதிதான் கொடுத்தார்கள். ஆளுக்குப் பாதி, சண்டை போட்டவனுக்கு முக்கால். அண்ணன் சண்டை போடாத ஆள்.

அவளுடைய வேலை ஐஸ்பெட்டி. வலையிலிருந்து மீன் வந்து விழுந்ததும் கழுவி, தரம் பிரித்து, ஒரு வரிசை மீன் ஒரு வரிசை ஐஸ் என்று அடுக்குவது. கரையில் யாரிடம் கேட்டாலும் அது அவளுடைய பாதி வேலைதான் என்பார்கள். மீதி, அவள் மூக்கு. துறையில் அவளுக்குப் பெயரே அதுதான். மூக்கு. சின்னவர்களுக்கு மூக்கு அக்கா, வியாபாரிகளுக்கு மூக்கம்மா. பத்து வயதில், அம்மா ஆய்ந்துகொண்டிருந்த மீனை முகர்ந்து, இது ராத்திரிக்குத் தாங்காது என்று சொன்னவள். அம்மா நம்பாமல் எடுத்து வைத்தாள். ராத்திரி கொட்டினாள்.

கெட்ட மீன் யாருக்கும் தெரியும். இன்னும் கெடாத, ஆனால் பொழுது சாய்வதற்குள் கெட்டுவிடப் போகிற மீன் அவளுக்குத் தெரியும். ஒரு மெல்லிய புளிப்பு என்பாள். வெட்டிய வெள்ளரிக்காய் வாசம் போய் அந்த இடத்தில் அது வந்து உட்காரும் என்பாள். மற்றவர்கள் முகர்ந்து பார்த்து, ஒன்றும் தெரியலையே என்று உதட்டைப் பிதுக்குவார்கள். இருபது வருடத்தில் அவள் சொல் ஒரு தடவைகூடப் பொய்த்ததில்லை. அண்ணன் படகு மீன் என்றால் பெட்டியைத் திறக்காமலே எடுத்துக்கொள்வார்கள். கல்யாணமான இரண்டாம் வருடம் கணவன் வேறு வாழ்க்கை தேடிப் போய்விட்டான். அவள் அண்ணன் வீட்டின் பின்னறைக்கு வந்தாள். அந்த வீட்டில் யாரும் அவளை ஒரு வார்த்தை குறைத்துப் பேசாததற்கு அந்த மூக்குதான் காரணம் என்று அவள் நினைத்தாள். அண்ணனும் அண்ணியும் அப்படி நினைத்தார்களா என்று அவளுக்குத் தெரியாது. அவள் அதைச் சோதித்துப் பார்க்க விரும்பியதில்லை.

அந்த மூக்கு இப்போது இல்லை.

மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. எட்டு நாள் கிடந்து எழுந்தாள். எழுந்த மூன்றாம் நாள் அடுப்பின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அண்ணி கொல்லையிலிருந்து ஓடிவந்து பாத்திரத்தை இறக்கினாள்.

"பால் இப்படிக் கருகுது. பக்கத்துல நின்னுக்கிட்டு என்னடி பண்ற? தெருக் கோடி வரைக்கும் நாறுது."

"தூக்கக் கலக்கம் அண்ணி," என்றாள் அவள்.

அன்று ராத்திரி பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சோப்பு, மண்ணெண்ணெய், தலைக்கு வைக்கிற எண்ணெய் என்று ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தாள். எல்லாம் தண்ணீர் மாதிரி இருந்தது. சளி இறங்கினால் சரியாகிவிடும் என்று ஒரு மாதம் காத்திருந்தாள். பிறகு இன்னொரு மாதம். பிறகு காத்திருப்பதை விட்டுவிட்டாள். சோற்றுக்கு உப்பும் உறைப்பும் மட்டும் இருந்தன. மற்றதெல்லாம் காகிதம்.

குளிர் மாதங்களில் பிழைத்துக்கொண்டாள். ஐஸ் நிறையக் கிடைத்தது, மீன் கெடுகிற பேச்சே வரவில்லை. பெட்டியில் குனிந்து ஒரு மூச்சு இழுத்து, "நல்லா இருக்கு," என்பாள். நன்றாகத்தான் இருந்தது. செவுளின் சிவப்பு, கண்ணின் தெளிவு, விரலால் அழுத்தினால் பள்ளம் எழும்புகிற வேகம், இவற்றையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டாள். பக்கத்தில் நிற்பவர்களின் முகத்தையும் பார்க்கக் கற்றுக்கொண்டாள். யார் மூக்கைச் சுளிக்கிறார்கள், யார் ஒரு அடி தள்ளி நிற்கிறார்கள்.

ஒரே ஒரு தடவை மாட்டிக்கொள்ளப் பார்த்தாள். டிரைவருக்குப் பெண் பார்த்திருந்தார்கள். அவன் ஒரு செண்ட் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு படகுக்கு வந்தான்.

"அக்கா, எப்படி இருக்கு, சொல்லு. நீ சொன்னா சரியா இருக்கும்."

அவள் கிட்டே போய் மூச்சை இழுத்தாள். "கொஞ்சம் தூக்கல். பொண்ணு வீட்டுக்குப் போறப்ப பாதி போட்டுக்கோ."

"நான் இன்னும் பாட்டிலையே திறக்கலையே அக்கா."

அவள் முகம் மாறவில்லை. "நேத்துப் பூசிப் பாத்தேல்ல. சட்டையில இருக்கு."

அவன் குனிந்து தன் சட்டையை முகர்ந்தான். "டீசல்தான் வருது எனக்கு," என்றான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆனால் அதற்குப் பிறகு சில நேரம் அவன் அவளைப் பார்த்தால், அவள் வேறு பக்கம் பார்த்தாள்.

இந்தப் பயணத்துக்கும் அவள் ஒரு வழி வைத்திருந்தாள். பெட்டியில் இரண்டு அறை. நேற்றுச் சாயங்கால மீன் இடது அறையில். இன்று விடியற்கால மீன் வலது அறையில். கரைக்குப் போனதும் இரண்டையும் முகர்வது போல முகர்ந்து, இடது அறை மொத்தமும் வேண்டாம், வலது மட்டும் போகட்டும் என்று சொல்லிவிடுவாள். அதற்கு மூக்கு தேவையில்லை, இடம் வலம் தெரிந்தால் போதும். அண்ணனுக்குப் பாதிப் பயணம் வீண்தான். யார் வயிற்றுக்கும் கெடுதல் வராது. இந்த வெயில் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று நேற்றிரவு வலைக்குப் பக்கத்தில் படுத்தபடி முடிவு செய்திருந்தாள். அதன் பிறகு தூக்கம் வரவில்லை.

இப்போது வந்தது. கண் செருகிக்கொண்டு போனது.

"நீ கொஞ்சம் சாயேன்," என்றார் அண்ணன். "முகம் பேயறஞ்ச மாதிரி இருக்கு. இவன் எப்ப மாட்டுறானோ. கூப்பிடுறேன் போ."

"பெட்டிய..."

"பெட்டிய நான் பாத்துக்கறேன்மா. எனக்குத் தெரியாத பெட்டியா."

சுக்கான் அறைக்குப் பின்னால், தார்ப்பாய் கட்டிய நிழல் ஒரு ஆள் அகலத்துக்கு இருந்தது. நிழல் என்றுதான் பெயர், உள்ளே காற்று இன்னும் தடிப்பாக இருந்தது. அவள் காலை மடக்கிப் படுத்தாள். தலைக்குக் கீழே கயிற்றுச் சுருள். டிரைவர் கம்பியால் குத்துகிற ஓசை தூரமாகப் போய்க்கொண்டே இருந்தது.

விழித்தபோது படகு ஓடிக்கொண்டிருந்தது. தளம் அதிர்ந்தது. முகத்தில் காற்று அடித்தது, சூடாக. அது இன்ஜின் சத்தத்தோடு சேர்ந்து வந்ததால் ஒரு நிமிடம் நிம்மதியாகக்கூட இருந்தது. தொண்டை காய்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. கேனில் இருந்த வெந்நீரை இரண்டு மடக்குக் குடித்துவிட்டு ஐஸ்பெட்டிக்குப் போனாள். மூடியைத் திறந்தாள்.

இடது அறை காலியாக இருந்தது. தரையில் கொஞ்சம் செதில் மட்டும். வலது அறையில் விளிம்பு வரை மீன்.

"அண்ணே."

அண்ணன் சுக்கானிலிருந்து திரும்பிப் பார்த்தார். தூங்கி எழுந்தவளுக்கு ஒரு நல்ல செய்தி சொல்லக் காத்திருந்தவர் போல இருந்தது முகம்.

"எல்லாத்தையும் ஒண்ணாக்கிட்டேன். ரெண்டு அறையிலயும் கொஞ்சூண்டு கொஞ்சூண்டு ஐஸ் இருந்துச்சா, ரெண்டும் சீக்கிரம் கரையும். ஒரே அறையில போட்டா இன்னும் ரெண்டு மணி நேரம் தாங்கும்ல. தண்ணியையும் வடிச்சுட்டேன்."

அவர் செய்தது தப்பில்லை. குளிரைக் காப்பாற்ற அதுதான் வழி. அவளே விழித்திருந்தால், மூக்கும் இருந்திருந்தால், அதையேதான் செய்திருப்பாள்.

"நேத்து மீன் எது, இன்னிக்கு மீன் எது?"

"கலந்துதான் கெடக்கு. முதல்ல நேத்தத அடியில போடலாம்னு பாத்தேன். அடியிலதான தண்ணி தேங்கும், அதுக்குள்ள கெடந்தா இன்னும் மோசமாயிடுமேன்னு அள்ளி அள்ளிக் கலந்துட்டேன். அப்பதான் எல்லாத்துக்கும் ஐஸ் படும்."

"கலந்துட்டா எப்படிண்ணே பிரிக்கறது?"

அண்ணன் சிரித்தார். அந்த நாளில் முதல் முறையாக. "கலந்தா என்ன? உன் மூக்கு இருக்கே."

அவள் பெட்டிக்குள் குனிந்து பார்த்தாள். மூடியைப் பிடித்தபடி நின்றாள். சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. இங்கே மூன்று பேர்தான். இன்ஜின் சத்தத்தில் பாதிதான் கேட்கும். ஆனால் சொன்ன பிறகு கரைக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. அந்த ஒன்றரை மணி நேரம் எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் சாக்கை விரித்து உட்கார்ந்தாள்.

ஒவ்வொன்றாக எடுத்தாள். வயிறு வெடித்தவை இருபது இருக்கும், அவற்றைக் கடலில் எறிந்தாள். அதோடு கண்ணுக்குத் தெரிகிற வேலை முடிந்துவிட்டது. ஐஸ் உருகிய தண்ணீரில் ஊறி எல்லா மீனுக்கும் கண் வெளுத்திருந்தது. செவுளைத் தூக்கிப் பார்த்தாள். சிவப்பெல்லாம் கழுவிக்கொண்டு போய் எல்லாம் ஒரே வெளிர் நிறம். விரலால் அழுத்தினாள். ஒன்று எழும்பியது, ஒன்று மெல்ல எழும்பியது. மெல்ல எழும்பியது நேற்றையதா, அல்லது மேலே கிடந்து வெயில் பட்ட இன்றையதா? இரண்டு கையிலும் இரண்டு மீனை வைத்துக்கொண்டு அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டும் அவளைப் பார்த்தன.

டிரைவர் மேலே வந்து தலையில் ஒரு வாளி கடல்நீரை ஊற்றிக்கொண்டான். உடம்பெல்லாம் கிரீஸ்.

"நீ ஒண்ணு மோந்து பாரேன்," என்று அவனிடம் ஒரு மீனை நீட்டினாள்.

"நானா? எனக்கு டீசல் குடிச்ச மூக்கு அக்கா. எங்க அம்மா செத்த எலியக் காட்டினாக்கூட டீசல்னுதான் சொல்லுவேன்." வாங்கி முகர்ந்தான். "மீன் வாசம் வருது. மீனுன்னா மீன் வாசம்தான வரும்." திருப்பிக் கொடுத்தான். கொடுக்கும்போது அவளை ஒரு நொடி உற்றுப் பார்த்தான். "ஏன் அக்கா கேக்கற?"

"சும்மாதான்."

அவன் தலையைத் துவட்டிக்கொண்டு கீழே இறங்கிப்போனான்.

அவள் எழுந்து சுக்கான் அறைக்குப் போனாள். "அண்ணே, இத மொத்தமா தீவன ஆலைக்குக் குடுத்துடலாமா?"

"எத?"

"எல்லாத்தையும்."

"கோழிக்கா?" அண்ணன் அவளைத் திரும்பிப் பார்த்தார். கண் சிவந்து, உதடு வெடித்திருந்தது அவருக்கு. "ரெண்டு நாள் கடல்ல காஞ்சு கருவாடா ஆனது கோழிக்கு விருந்து வைக்கவா? டீசல் ஆகல? ஏம்மா, அவ்வளவு கெட்டா போச்சு?"

"சந்தேகமா இருக்கு."

"சந்தேகமா? உனக்கா?" அவர் குரலில் கோபம் இல்லை. நம்பமுடியாமைதான் இருந்தது. "நீ கெட்டதுன்னு சொல்லு, இப்பவே கவுத்துடறேன். இல்ல, நல்லதுன்னு சொல்லு. நீ சந்தேகம்னு சொல்லி நான் கேட்டதே இல்லையே."

கெட்டது என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. விடியற்காலையில் மூன்று பேரும் கை தோலுரிய இழுத்த மீன் அதில் பாதிக்கு மேல் இருந்தது. அண்ணன் வலைக்கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டு, ஆள் இல்லாத குறைக்குத் தன் உடம்பையே முளையாக்கி நின்றது கண் முன்னால் வந்தது. நல்ல மீனைத் தன் பொய்க்காகக் கடலில் கவிழ்க்கச் சொல்ல நாக்கு எழவில்லை.

"கரையில பாத்துக்கலாம்," என்றாள்.

"அதான். நிழல்ல உக்காந்து நிதானமாப் பாரு."

நல்லது என்று சொல்லிவிடலாமா என்றும் நினைக்காமல் இல்லை. ஒருவேளை எல்லாமே தாங்கியிருக்கலாம். ஆனால் போன கோடையில் பக்கத்துப் படகு மீனைச் சாப்பிட்டு ஒரு தொழிற்சாலை கேன்டீனில் நாற்பது பேர் ஆஸ்பத்திரி வராந்தாவில் வரிசையாகக் கிடந்தார்கள். அதில் ஒருத்தி பிள்ளைத்தாய்ச்சி. அந்தப் படகு இன்றுவரை துறையின் மூலையில் கட்டிக் கிடக்கிறது. படகுக்காரர் யார் முகத்தையும் பார்க்காமல் தெருவின் ஓரமாக நடந்து போவார். அந்த வாரம் எல்லாரும் அவளிடம்தான் சொன்னார்கள், அவர் படகுல உன்ன மாதிரி ஒரு ஆள் இருந்திருந்தா இது நடந்திருக்குமா என்று.

துறைக்குள் நுழையும்போது சூரியன் சாய்ந்திருந்தது, சூடு சாயவில்லை. சிமெண்ட் தளம் பகலெல்லாம் குடித்த வெயிலை இப்போது திருப்பிக் கக்கிக்கொண்டிருந்தது. அண்ணி தராசுக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில், எப்போதும் விரித்த குடையோடு நிற்பதால் குடைக்காரர் என்று பெயர் வாங்கிய மொத்த வியாபாரி. கொஞ்சம் தள்ளி அவருடைய வேன், பின்கதவு திறந்து, உள்ளே நிறைய ஐஸோடு.

"என்னங்க, மூணு பேரும் வறுத்தெடுத்த மாதிரி வர்றீங்க," என்றாள் அண்ணி. செம்பில் தண்ணீர் மொண்டு முதலில் அவளிடம்தான் நீட்டினாள். "குடி. கண்ணெல்லாம் உள்ள போயிடுச்சு. நாளைக்கு நீ போக வேண்டாம், சொல்லிட்டேன்."

"அவ போகலன்னா யார் போறது, நீயா?" என்றார் அண்ணன்.

"நான் போனா மீன் பயந்து தானா வலையில விழும்."

குடைக்காரர் சிரித்தார். "காலையிலேர்ந்து நாலு படகு மீனைத் திருப்பி அனுப்பிட்டேன் மூக்கம்மா. எல்லாம் கொழகொழன்னு. விடுதியில பரீட்சை முடியுது, பசங்களுக்கு ராத்திரி மீன் வேணும்னு மெஸ்காரர் உயிரை எடுக்கறார். முந்நூறு பிள்ளைங்க. உங்க படகுக்காகத்தான் மதியத்திலேர்ந்து இங்கயே நிக்கறேன்." குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டார். "ஒரு வார்த்தை சொல்லு. ஏத்திட்டுக் கிளம்பறேன்."

"கலந்து கெடக்கு," என்றார் அண்ணன். "அவ பொறுக்கித் தருவா."

பெட்டியை இறக்கி ஷெட்டின் நிழலில் வைத்தார்கள். அவள் முன்னால் இரண்டு பிளாஸ்டிக் கூடை. வலது கூடை விடுதிக்கு, இடது கூடை கோழிக்கு. சுற்றி அண்ணன், அண்ணி, குடைக்காரர், வேன்காரனும் சுமை தூக்குகிறவனும். டிரைவர் படகின் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டிருந்தான்.

அவள் முதல் மீனை எடுத்து முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். மூச்சை இழுத்தாள். காற்று உள்ளே போயிற்று, வெளியே வந்தது. வலது கூடையில் போட்டாள். அடுத்தது. வலது. அடுத்தது கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது, இடது. யாரும் மூக்கைச் சுளிக்கவில்லை. யாரும் தள்ளி நிற்கவில்லை. எல்லாரும் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்துக் கற்றுக்கொள்ள அவளுக்கு ஒரு முகமும் இல்லை.

கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. எடுத்தல், முகர்தல், போடுதல். வியர்வை புருவத்தைத் தாண்டிக் கண்ணில் எரிந்தது. துடைக்கவில்லை. பாதிக்கு மேல் போன பிறகுதான் அவள் அதைக் கவனித்தாள். வலது, வலது, வலது, இடது. வலது, வலது, வலது, இடது. மீனைப் பார்த்து அந்தக் கை போடவில்லை. பார்க்கிறவர்கள் நம்புகிற அளவுக்கு அவ்வப்போது ஒன்றை இடதுபக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக இப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் நிறுத்தவும் இல்லை. கடைசி மீன் வரைக்கும் போட்டாள்.

"பாத்தீங்களா," என்றார் அண்ணன் குடைக்காரரிடம். "கணக்கா எடுத்துட்டா. முக்கால்வாசி தேறிடுச்சு." அவர் உட்கார இடம் தேடி, ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் ஏன் கவலைப்படப் போறேன்," என்றார் குடைக்காரர். "ஏத்துப்பா."

சுமைக்காரன் வலது கூடையைத் தோளுக்குத் தூக்கினான். கூடையின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே வேன் பக்கம் போயிற்று. அவள் அதைப் பார்த்தாள். பிறகு டிரைவரைப் பார்த்தாள். அவன் படகின் விளிம்பிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரிந்திருந்ததா, பாவம் அவனும் களைத்துத்தான் வெறித்துக்கொண்டிருந்தானா, சொல்ல முடியாது. இந்த முறை அவள் பார்வையைத் திருப்பவில்லை. திருப்புவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருந்தது.

"நில்லுங்க," என்றாள்.

அது சுமைக்காரனுக்குக் கேட்கவில்லை. அண்ணிக்குக் கேட்டது. "ஏப்பா, நில்லு. இவ ஏதோ சொல்றா."

கூடை வேனின் விளிம்பில் நின்றது. குடைக்காரர் திரும்பினார். அண்ணன் கண்ணைத் திறந்தார்.

"என்னம்மா? இன்னொரு தடவ பாக்கணுமா?"

பார்க்கணும் என்று சொல்லலாம். தலை சுற்றுகிறது என்று சொல்லலாம். மயங்கி விழுந்துவிட்டால்கூட யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், இந்த வெயிலில் அதற்கு நடிப்பும் வேண்டாம். ஒவ்வொன்றையும் அவள் மனதில் எடுத்துப் பார்த்தாள். எதைச் சொன்னாலும் அதைக் காப்பாற்ற நாளைக்கு இன்னொன்று வேண்டும், நாளை மறுநாள் வேறொன்று. அவளால் இன்னும் ஒரு சுமை தூக்க முடியாது. எழுந்து நிற்கக்கூட முடியவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே, செதில் ஒட்டிய இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அத ஏத்தாதீங்க," என்றாள். "அதுல நல்லது எது கெட்டது எதுன்னு எனக்குத் தெரியாது. நான் சும்மா போட்டேன்."

"சும்மான்னா?"

"எனக்கு வாசனையே தெரியல அண்ணே. மழையில காய்ச்சல் வந்துச்சே, அப்பலேர்ந்து. எதுவுமே தெரியல."